டொலினாவின் கை

எங்கள் சபையில் அடக்க ஆராதனையின்போது செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பேச்செல்லாம் கடவுளைப் பற்றித்தான். போன வாரம் என் பெரியம்மா மகள் டொலினாவைப் புதைத்தபோதும் அப்படித்தான். அதனால் அவளைப் பற்றி நான் சொல்கிறேன். நல்லவள் என்று சொல்ல வரவில்லை. பதினெட்டு வருஷம் ஒருவன்மேல் கறுவிக்கொண்டு இருந்தவள்.

அவன் பெயர் ரோரி. லூயிஸ் தீவில் எங்கள் கரைப் பக்கம் அவனைவிடப் பலசாலி கிடையாது. ஒரு மார்ச் மாதக் காலையில் அவனும் டொலினாவின் ஒரே தம்பி ஃபின்லேயும் போன படகு கரைக்கு எதிரிலேயே கவிழ்ந்தது. இருவரும் ஒரே துடுப்பைப் பிடித்து மிதந்ததை நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். ஒரு பெரிய அலை வந்தது. அது அடங்கியதும் துடுப்போடு ரோரி மட்டும் வந்தான்.

மணலில் ஏறியவன், "என் கைபலம் என்னைக் காப்பாத்திச்சு" என்றான். கடவுளையும் சொல்லவில்லை, ஃபின்லேயையும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை டொலினா மறக்கவே இல்லை.

பழிவாங்குவது கர்த்தருடைய வேலை என்று போதகர் வந்து சொல்லிப் பார்த்தார். அவர் தெருமுனை தாண்டியதும் டொலினா என்னிடம் சொன்னாள்: "அவருக்கு ஆயிரம் வேலை. இதை நானே பாத்துக்கிறேன்."

வருஷா வருஷம் ஒரு சேவலுக்கு ரோரி என்று பெயர் வைத்து வளர்ப்பாள். ஃபின்லே செத்த நாளில் அதன் கழுத்தைத் திருகி சூப் வைப்பாள். ஆண்களே திணறும் சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுகிறவளுக்குச் சேவல் கழுத்து எம்மாத்திரம்? நானும் ஒத்து ஊதினவள்தான். அந்த சூப்பை ருசித்துக் குடித்தேன்.

எங்களிடம் அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து மேசைக்கு எல்லோரும் போய்விட முடியாது. சபையை நடத்தும் மூப்பர்கள் விசாரித்துத் தகுதி என்று கண்டால் ஒரு ஈய வில்லை கொடுப்பார்கள். அது இருந்தால்தான் உட்காரலாம். ரோரி எப்போதும் வில்லை கேட்காமல் கடைசி வரிசையில் கிடந்தவன். பதினெட்டாம் வருஷம் மூப்பர்கள் முன்னால் போய் நின்றான்.

அங்கே பேசியதை மூப்பர்கள் வெளியில் சொல்லக்கூடாது. என் கணவர் மூப்பர், நான் அவர் மனைவி. வேறென்ன சொல்ல? துடுப்பு இருவரைத் தாங்காது என்று பயந்து, ஃபின்லேயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டதாக ரோரி அழுதானாம். தன் கைபலம் அதற்குத்தான் உதவியது, இனி கிருபையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை என்றானாம். வில்லை கொடுத்துவிட்டார்கள்.

டொலினாவிடம் போய்ச் சொன்னேன். முகம் வெளுத்தாலும் அழவில்லை.

"வரட்டும்" என்றாள். "ரசப் பாத்திரம் கைமாறித்தானே வரும். என் கைக்கு வரும், அவன் கைக்குப் போகாது. ஊரே பாக்கக் கீழ வெச்சுடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணி விரித்த நீள மேசையில் தன் பக்கத்து இடத்தை அவனுக்கென்றே காலியாக வைத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ரோரி வந்து உட்கார்ந்தான்.

பாத்திரத்தை அவளிடம் கொடுத்தது நான்தான். குடித்தாள். ரோரி கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை. பிடித்த பிடியில் அவள் விரல்முட்டிகள் வெளுத்துப்போயின.

"என்னால முடியாது" என்று முனகினாள். என்னிடமும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை. "குடுக்கணும்னா நீரே குடும்."

யாரோ பிரித்துவிட்டதுபோல அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. பாத்திரம் ரோரி கையில் இருந்தது. பக்கத்தில் இருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் ரோரி இரண்டு மீனோடு அவள் வாசலில் நின்று நன்றி சொன்னான்.

"எனக்குச் சொல்லாத. அது என் கையா இருந்தா உன் மூஞ்சில ஊத்தியிருக்கும்" என்றாள் டொலினா. "குடுத்தவர்கிட்ட போய்ச் சொல்லு."

மீனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அந்த வருஷத்துச் சேவல் கிழடாகித்தான் செத்தது. அதன் பெயரை மட்டும் அவள் மாற்றவில்லை.