மொட்டை டயரில் மணமேல்குடிக்கு

விராலிமலையிலிருந்து மணமேல்குடிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர் சொச்சம். மலைமேல் முருகனிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினால் கடற்கரையில் போய் இறங்கலாம். ஒரே மாவட்டம்தான், ஆனால் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மண்ணும் வேறு, மீன் விலையும் வேறு. அங்கிட்டுப் போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை வேன் பிடிக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால். மகள் கவிதாவுக்கு அன்று ஏழாம் மாத வளைகாப்பு, மணமேல்குடியில், அவள் மாமியார் வீட்டில். வளையல் போட்டுக் கையோடு அவளைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். என் வீட்டுக்காரர் மொபெட்டில் என்னை வேன் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோனார். என் மடியில் வளையல் பெட்டி. வளைவில் பின்சக்கரம் ஒரு இழுப்பு இழுத்தது. “ரோடெல்லாம் மணலு” என்றார். நானும் மணல்தான் என்று நம்பினேன்.

வேன் வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு என்றார் ஓனர். பேசிப் பேசி ஐயாயிரத்துக்கு முடித்திருந்தேன், ரொம்பச் சாமர்த்தியம் என்ற நினைப்பு வேறு. முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழம், பக்கவாட்டில் புதுப் பெயின்டில் எஃப்.சி. தேதி. வண்டி ஓடத் தகுதி உண்டு என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் தருகிற அந்த எஃப்.சி.யை எடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. சொந்தக்காரர்கள் பதினோரு பேர் ஏறினோம், கட்டுச்சோற்றுத் தூக்குகளோடு. எலுமிச்சம்பழத்தைப் பார்த்தோம், சீட்டைப் பார்த்தோம், ஏ.சி. வருகிறதா என்று பார்த்தோம். குனிந்து டயரைப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இலுப்பூர், அன்னவாசல் தாண்டிப் புதுக்கோட்டையில் நிறுத்தியபோது ஏழேகால். டீ பன்னிரண்டு ரூபாய், நுரையைக் கழித்தால் அரை டம்ளர் தேறும். டிரைவர் முத்துக்குமாருக்கு முப்பது வயது இருக்கும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பொறுப்பான பிள்ளை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எதற்காகச் சுற்றினார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அறந்தாங்கியைக் கடந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் போயிருப்போம். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. ‘டமார்’ என்று ஒரு சத்தம். வேன் இடது பக்கம் சாய்ந்து இழுத்தது. முத்துக்குமார் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஓரத்து மண்ணில் கொண்டுபோய் நிறுத்தினார். எதிரில் ஒரு பஸ் வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. தூக்கிலிருந்த புளிச்சோறு என் பெரியம்மா மடியில் கொட்டியது, அவ்வளவுதான் சேதாரம். முருகா, நீதான் காப்பாற்றினாய்!

இறங்கிப் பார்த்தேன். பின்டயர் கிழிந்து, உள்ளேயிருந்து கம்பி நரைமயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற டயர்களும் வழவழவென்று மொட்டை. முத்துக்குமார் மாற்று டயரை, அதான் ஸ்டெப்னியை, இறக்கினார், அதுவும் மொட்டைதான்.

என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்! “ஏம்ப்பா, பதினோரு உசுரு ஏறியிருக்கு. டயரப் பாக்காம வண்டி எடுக்கலாமா? இதெல்லாம் ஒரு பொழப்பா?”

“ஓனருட்ட சொல்லிட்டேன் சார். பொறுத்துப் போட்டுக்கலாம், மெதுவா ஓட்டுங்கிறாரு. வண்டி அவருது, நான் என்ன பண்றது?”

“அப்ப எஃப்.சி. எப்படித் தம்பி குடுத்தாங்க?” என்று கேட்டேன்.

ஜாக்கியை மாட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னார். “அது வேற டயரு, அக்கா. ஓனருக்கு மூணு வண்டி. நல்ல டயரு ஒரே ஒரு செட்டு. எந்த வண்டிக்கு எஃப்.சி. வருதோ அதுல மாட்டுவோம். முடிஞ்சதும் கழட்டிருவோம்.”

அட பாவிகளா! இரவல் நகையைப் போட்டுப் பெண் காட்டுகிற கதையாக அல்லவா இருக்கிறது! ஓனருக்குப் போன் போட்டேன். “டிரைவருதாம்மா பாத்திருக்கணும்” என்றார் அவர். டிரைவர் ஓனரைக் காட்டுகிறார், ஓனர் டிரைவரைக் காட்டுகிறார். நடுவில் ஐந்நூறு ரூபாய் குறைத்த மகராசியாக நான் நிற்கிறேன்.

மொட்டை ஸ்டெப்னியில் முப்பதிலேயே ஊர்ந்து, பத்தரைக்கு மணமேல்குடி போய்ச் சேர்ந்தோம். ஊருக்குள் நுழையும்போதே உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கவிதாவை மணையில் உட்காரவைத்துக் கை கொள்ளாமல் வளையல் அடுக்கினோம். சந்தனம் பூசிய அந்தக் கன்னத்தைப் பார்க்கப் பார்க்க மனதில் ஒரே கேள்விதான். இவளையா அந்த வண்டியில் ஏற்றப்போகிறேன்?

நான் சொல்லுமுன் சம்பந்தியம்மாவே சொல்லிவிட்டார். பெரியம்மா சேலையில் புளிச்சோற்றுக் கறையைப் பார்த்து விஷயத்தைக் கறந்திருக்கிறார். “சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. அந்த வண்டியில எங்க புள்ளத்தாச்சிய அனுப்ப மாட்டேன். நாலரைக்கு ராகுகாலம் வேற. அதுக்கு முன்னாடி வேற வண்டி வந்தாப் பாருங்க.” உள்ளூரில் நாலு இடத்தில் விசாரித்தார்கள். முகூர்த்த நாள், ஒரு வண்டியும் கிடைக்கவில்லை.

பந்தி நடந்துகொண்டிருந்தது. இலையில் உட்காராமல் முத்துக்குமார் வாசலில் நின்று போன் பேசினார். “அண்ணே, நான் இத எடுக்க மாட்டேன். புள்ளத்தாச்சிய ஏத்தணும்ணே... சரிண்ணே, சாவிய வேணா குடுத்துர்றேன். ஆனா எடுக்க மாட்டேன்.” வேலை போனாலும் பரவாயில்லை என்று அந்தப் பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் வீட்டுக்காரர் அவரைத் திட்டியது எனக்கு உறுத்தியது.

போனை வாங்கினேன். “இந்தாங்க ஓனரே, டிரைவரும் எடுக்கல, நாங்களும் ஏறல. மிச்ச வாடகை என் முந்தானையில இருக்கு. நல்ல டயரோட வந்து வாங்கிக்கங்க. வரலேன்னா விராலிமலை பூரா இந்தக் கதைதான் ஓடும், பாத்துக்கங்க.” என் வாயைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருப்பார் போல. “வாரேம்மா, வாரேன்” என்றார்.

நாலேகால் ஆகியும் அவர் வரவில்லை. சம்பந்தியம்மாதான் வழி கண்டார். கவிதாவின் பையை எடுத்துக்கொண்டுபோய் எதிர்வீட்டில் வைக்கச் சொன்னார். நல்ல நேரத்தில் மூட்டை வாசலைத் தாண்டிவிட்டால் ஆளும் புறப்பட்ட கணக்கு. “பைய பாத்துத்தான் ராகு போவாரு. புள்ள அப்புறமா போகட்டும்” என்றார். ராகுவுக்கும் சமாதானம் உண்டு, மொட்டையாய்ப் போன டயருக்கு ஏது சமாதானம்?

ஐந்தரைக்கு ஓனர் வந்தார், தன்னுடைய இன்னொரு வேனில். இந்த முறை எல்லாரும் முதலில் குனிந்து டயரைத்தான் பார்த்தோம். பட்டை பட்டையாக, ஆழமான வரியோடு, அந்த எஃப்.சி. செட்டேதான்.

“நாங்க இதுல போறோம். நீங்க அதை மெதுவா ஓட்டிட்டு வாங்க. மெதுவா ஓட்டுனா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க?” என்றேன்.

அவர் பழைய வேனை ஒரு சுற்றுச் சுற்றினார். ஸ்டெப்னியில் விரலை வைத்துத் தடவினார். தலையைச் சொறிந்தார். “இல்லம்மா... நாளைக்குப் புது டயரு மாட்டித்தான் எடுக்கணும்.”

வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுஷன்தான், தான் உட்காராத வண்டியின் டயரை மட்டும் பார்க்காத மனுஷன். “மத்த வண்டிக்கும் வாங்கிருங்கண்ணே” என்றார் முத்துக்குமார். “வாங்குறேன்டா. மொதல்ல இவங்கள பத்திரமாக் கொண்டு போ” என்று சொல்லி, தான் வந்த வண்டியின் சாவியை அவர் கையில் வைத்தார். மிச்ச வாடகையோடு, நான் குறைத்த ஐந்நூறையும் சேர்த்துக் கொடுத்தேன். சம்பந்தியம்மா ஓனருக்கு இலை போட்டார்.

ஆறு மணிக்கு ராகுகாலம் முடிந்ததும் கிளம்பினோம். கவிதா என் தோளில் சாய்ந்து அறந்தாங்கி வருமுன்னே தூங்கிவிட்டாள். பள்ளம் வந்தால் வண்டி குலுங்கியது, எனக்குக் குலை நடுங்கவில்லை. அவள் வளையல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி. கவிதாவை ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குக் கூட்டிப்போக வீட்டுக்காரர் மொபெட்டை வாசலில் எடுத்து வைத்தார். வேன் ஓனரின் அநியாயத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கவிதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்ந்து பின்டயரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வரி இருந்த தடம்கூட இல்லை. நேற்று அந்த வளைவில் இழுத்தது மணல் இல்லை.

“அப்பா, இந்த வண்டிக்கு ஓனரு யாரு?”

“நான்தான்.”

“டிரைவரு?”

வீட்டுக்காரர் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டார். எங்களுக்கு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு ஏற்றிவிட்டு, மொபெட்டை டயர் கடைக்குத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஆட்டோவில் ஏறுமுன் நாங்கள் இரண்டு பேரும் குனிந்து அதன் டயரையும் பார்த்துக்கொண்டோம்.