வடிவம்மாளின் கெட்டுப்போன ராஜா

வடிவம்மாளுக்கு அரக்கர்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. "அரக்கன் காலையிலே எழும்பும்போதே அரக்கன்தான். அவனுக்கு என்ன பாடு? நல்ல ராஜா எப்படிக் கெட்டான், அதைச் சொல்லு, கேக்கலாம்" என்பாள். சின்ன வயதிலிருந்தே மாயாஜாலக் கதைகள் என்றால் உயிர். கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக் கரமனைக்கு வந்தபோது அவள் பெட்டியில் பாதி சேலைகள், பாதி மந்திரவாதிகள்.

அங்கே டெலிபோன் ஆபீஸில் டிரங்க் ஆபரேட்டர் வேலை. வெளியூருக்குப் பேச விரும்புகிறவர்கள் அவளிடம் எண்ணைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். லைன் சேர்ந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு ஆபரேட்டர் விலகிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். வடிவம்மாள் சட்டத்தை மதிப்பவள். கொஞ்சம் மெதுவாக விலகுவாள், அவ்வளவுதான்.

அந்தக் கொஞ்சத்தில் அவள் நிறையக் கேட்டாள். "நான் யாருன்னு தெரியுமா?" என்று காலையில் அவளையே அதட்டிய குரல், மத்தியானம் யாரிடமோ "இந்த ஒரு தடவை மட்டும் கண்ணை மூடிக்கிடுங்க" என்று குழையும். பெரிய நாற்காலியில் இருந்த ஒருவர், டெல்லி லைன் கிடைத்த பிறகும் பேசாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "பேசுங்க சார், லைன் கிளியர்" என்றாள். "என்னத்தைப் பேச? எல்லாம் போச்சு" என்று அவர் ஆபரேட்டரிடமே சொன்னார். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தொண்ணூற்றைந்து வாக்கில் தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகை மாட்டி எஸ்.டி.டி. பூத்துகள் வந்துவிட்டன. ஆபரேட்டரைத் தேடுவார் குறைந்தார்கள். காதில் ஹெட்போனும் கையில் பேனாவுமாக உட்கார்ந்து வடிவம்மாள் ஒரு நாடகம் எழுதினாள்.

வஜ்ஜிரகிரி நாட்டு ராஜா தங்கமானவர். அரக்கன் அவருக்கு ஒரு கிரீடத்தைப் பரிசாக அனுப்புகிறான். அதைச் சூடினால் படைபலம் பெருகும். சூடச்சூட மனசு அழுகும். யுத்தம் முடியும்வரைக்கும்தானே என்று ராஜா சூடிக்கொள்கிறார், பிறகு கழற்றுவதில்லை. அவரைத் திருத்தப் பார்த்துத் தோற்ற மந்திரி, இனி எதுவும் விடியாது என்று கோட்டை வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார். கடைசியில் ராஜாவுக்குப் புத்தி வந்து கிரீடத்தை வீசியெறிய, அரக்கன் சாம்பலாகிறான்.

கரமனையில் அவர்கள் பேட்டையில் ஒரு தமிழர் மன்றம் இருந்தது. அதன் ஆண்டுவிழாவுக்கு இந்த நாடகம் முடிவாயிற்று. ராஜா வேஷம் யாருக்கு என்பதில் பேச்சே எழவில்லை. மன்றத் தலைவர் தாணுமாலையன், சாலைக் கடைத்தெருவில் மொத்த அரிசி வியாபாரி. வருஷாவருஷம் "இந்தத் தடவையோட எனக்கு மதி, போதும், வேற ஆளைப் பாருங்க" என்பார். வருஷாவருஷம் அவரே தலைவர்.

முதல் ஒத்திகையிலேயே அவர் வடிவம்மாளைத் தனியே கூப்பிட்டார்.

"எம்மா வடிவு, நாடகம் ஒண்ணாந்தரம். ஆனா ராஜா கெட்டுப்போகாண்டாம், கேட்டியா? சம்பந்திவீட்டுக்காரங்க முன்வரிசையிலே இருப்பாங்க."

"ராஜா கெடலைன்னா கதையே இல்லையே அண்ணாச்சி."

"மந்திரி கெடட்டும்."

தனியே பேசினாலும் அவர் குரல் எல்லோருக்கும் கேட்கும். மந்திரியாக நடிக்கவிருந்த பாங்க் ஆபீஸர் ஹரிகுமார் எழுந்தே விட்டார். "அதெப்படி? ஏற்கெனவே நான் மனசு விட்டுப்போய்ப் படுத்துக் கிடக்கேன். அதுவே எனக்கு விஸ்வாசம் வரல்லை, நம்பும்படியா இல்லை. ஒரு மந்திரி அப்படியா ஒடிஞ்சு போவான்?"

அரக்கன் வேஷக்காரர் யூசுப்புக்கு மட்டும்தான் குறை எதுவும் இல்லை. அதே சாலைக் கடைத்தெருவில் குடைக்கடை வைத்திருப்பவர். "நான் எப்படியும் கெட்டவன்தானேக்கா. நேரத்தோட சாம்பலாக்கிவிட்டீங்கன்னா பஸ்ஸைப் பிடிச்சிருவேன்."

வடிவம்மாள் தர்க்கம் செய்யவில்லை. "சரி அண்ணாச்சி, ராஜா நல்லவராவே இருக்கட்டும். சிம்மாசனத்திலே ஏறி நின்னு கர்ஜிக்கிற வசனம், வாளை உருவுறது, சிரிக்கிறது எல்லாம் கெட்ட பிறகு வாறது. அதுகளை எடுத்திருகேன்."

தாணுமாலையன் வீட்டுக்குப் போய் யோசித்தார். மறுநாள் சாயங்காலம் வந்து, "கொஞ்சமாட்டுக் கெட்டா மதியா?" என்று கேட்டார்.

"எல்லாரும் கொஞ்சமாத்தான் தொடங்குவாங்க அண்ணாச்சி" என்றாள் வடிவம்மாள்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. வடிவம்மாள் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றாள். எதிர்ப்பக்கம் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் கணவன் திரவியம்.

முதலில் ஹரிகுமார் எல்லோரையும் திகைக்க வைத்தார். "வாசலைத் திறந்து விடுங்கள். யார் உள்ளே வந்தாலும் ஒன்றுதான்" என்பது அவர் வசனம். ஒத்திகையில் தந்தி படிப்பதுபோலச் சொல்வார். அன்று சொல்லி முடித்ததும் அவருக்குக் கண் நிறைந்தது. உதட்டைக் கடித்துப் பார்த்தார், நிற்கவில்லை, நிஜமாகவே அழுதார். அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு மேலிடத்தில் ஆள் பிடித்த இன்னொருவருக்குப் போயிருந்தது மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வடிவம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அழுகை அவள் காதுக்குப் பழக்கமானது.

அடுத்து ராஜா முழுசாகக் கெட்டார். கெட்டார் என்றால் அப்படியொரு கெடுதல்! சிம்மாசனத்தில் ஏறி நின்று தாணுமாலையன் கர்ஜித்ததும் விசில் பறந்தது. முன்வரிசையில் சம்பந்தி எழுந்து நின்று கைதட்டினார். தாணுமாலையன் முகம் பளபளவென்று ஆகிவிட்டது.

கிரீடத்தை எறியவேண்டிய இடம் வந்தது. ராஜா எறியவில்லை.

"அண்ணாச்சி, கிரீடம்!" என்று வடிவம்மாள் கிசுகிசுத்தாள்.

"இன்னும் நூறாண்டு நானே ராஜா!" என்று தாணுமாலையன் சொந்தமாக ஒரு வசனம் விட்டார். அதற்கும் கைதட்டல். "ஆயிரம் ஆண்டு!" என்றார்.

யூசுப் இரண்டு கொம்புகளோடு நெளிந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. "ராஜாவே, அக்கிரமம் செய்தது போதும். அரக்கன் நானே சொல்லுகேன், கிரீடத்தைக் கழட்டும்" என்றார். சபை உருண்டு சிரித்தது. தாணுமாலையன் கிரீடத்தை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார்.

வடிவம்மாள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். டிரங்க் காலுக்கு மூன்று நிமிஷம்தான் ஒரு கணக்கு. முடிந்ததும் ஆபரேட்டர் குறுக்கே வந்து, நீட்டவேண்டுமா என்று கேட்பாள். அதே குரலில், ராகம் மாறாமல் சொன்னாள்:

"த்ரீ மினிட்ஸ் ஓவர். கட் பண்ணட்டுமா?"

தாணுமாலையன் காலமெல்லாம் ஆந்திரா அரிசி மண்டிகளோடு டிரங்க் காலில் மல்லுக்கட்டியவர். வலது கை தானாகவே காதுக்குப் போயிற்று. "எக்ஸ்டெண்ட்! எக்ஸ்டெண்ட்! கட் பண்ணிராதம்மா!" என்று அலறினார். கை பட்டுக் கிரீடம் சரிந்து, தோளில் மோதி, உருண்டு, யூசுப் காலடியில் போய் நின்றது. யூசுப் ஒரு நொடி தாமதிக்கவில்லை. தொப்பென்று விழுந்து சாம்பலானார். திரவியம் கயிற்றை விட்டார்.

மண்டபம் அடங்கவே வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை தாணுமாலையன் அவள் வீட்டுக்கு வந்தபோது வடிவம்மாள் சண்டைக்குத் தயாராகவே கதவைத் திறந்தாள். அவர் உட்கார்ந்தார். காப்பியைக் குடித்து முடித்தார்.

"வடிவு, ஒண்ணு கேக்கட்டா? அந்தக் கிரீடம் வெறும் அட்டையும் ஜிகினாவும்தானே?"

"ஆமா அண்ணாச்சி. தையக்காரன் ஒட்டினது."

"எனக்குக் கழட்டணும்ணே தோணலை பாத்துக்கோ. கை வரல்லை. நீ எழுதினது சத்தியம்." வாசல்வரை போய்த் திரும்பினார். "சம்பந்திக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, கேட்டியா."

அந்த வருஷ மன்றத் தேர்தலிலும் அவரே நின்றார். நாடகத்தால் கிடைத்த பேரில் எதிர்ப்பில்லாமல் ஜெயித்தார். ஹரிகுமார் மட்டும் மாறினார்: ஆபீஸில் நடந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை யூசுப்பின் குடைக்கடையில் உட்கார்ந்து முழுசாகச் சொல்லித் தீர்த்தார். அதன் பிறகு கொஞ்சம் சதை போட்டார்.

இரண்டாயிரத்தொன்றில் மன்றத்துக்கு வடிவம்மாளைச் செயலாளர் ஆக்கினார்கள். "ஒரே ஒரு வருஷம்தான், எழுத நேரம் வேணும்" என்று சொல்லித்தான் ஏற்றுக்கொண்டாள். மண்டபச் சாவி அவள் இடுப்புக்கு வந்தது. கூட்டத்துக்கு யார் முதலில் பேசலாம், யார் எங்கே உட்காரலாம் எல்லாம் அவள் வாய்ச்சொல். எழுத்து நின்றுபோயிற்று. ஏழு வருஷம் கழித்தும் அவள்தான் செயலாளர்.

யூசுப் ஒருநாள் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டே சிரிக்காமல் கேட்டார்: "அக்கா, ராஜா எப்படிக் கெடுவான்ணு ஒரு நாடகம் எழுதினீங்களே, ஓர்மை இருக்கா?"

"நான் அதை எழுதத்தானே செஞ்சேன்? படிச்சுத் திருந்தவா செஞ்சேன்?" என்றாள் வடிவம்மாள். "பேசாம என் நாற்காலியை நேரா போடு. தலைவர் சீட்டுக்குப் பக்கத்திலே இல்லை, நடுவிலே."