கணினிக்குள் செந்தாமரையின் கணினி

நீடாமங்கலத்தில் இளம்பரிதியின் ஸ்டுடியோவில் இருந்தது ஒரே ஒரு கணினி. ஊரார் கல்யாண வீடியோக்கள் எல்லாம் அதில்தான். அவன் மனைவி செந்தாமரைக்கோ கணினி சர்வர்களின் நிர்வாகம் கற்றுக்கொள்ள ஆசை. எதையும் ஒருமுறை கெடுத்துப் பார்த்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். அதனாலேயே அவன் அவளைக் கணினிப் பக்கம் விடுவதில்லை.

“அதுக்குள்ளயே தனியா இன்னொரு கம்ப்யூட்டர் செஞ்சுக்கிறேங்க. அங்க எது கெட்டாலும் உங்க வீடியோவுக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள்.

அரைமனதாகச் சம்மதித்தான். அதற்கான மென்பொருளைப் போட்டாள். ஆனால் உள்கணினி கிளம்பவில்லை; புராசசரில் அதற்கான வசதி அணைந்திருப்பதாகத் திரையில் செய்தி வந்தது.

“புது புராசசர் வாங்கணுமா?” என்றான் இளம்பரிதி.

“வேண்டாங்க. இதுலயே இருக்கு, யாரும் ஆன் பண்ணல.”

கணினியை அணைத்துப் போட்டு, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், ‘விர்ச்சுவலைசேஷன்’ என்றிருந்த வரியைத் தேடி இயக்கினாள். அவன் பின்னால் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தான். இம்முறை உள்கணினி சட்டென்று எழுந்தது.

சில வாரங்கள் அதிலேயே உழன்றாள். ஒருநாள் மதியம் அவனைக் கூப்பிட்டு, அவன் கண்ணெதிரே உள்கணினியின் கோப்புகளை ஒரே கட்டளையில் அழித்தாள். அது உறைந்து நின்றது. திரையிலேயே பக்கத்து ஜன்னலில் ஓடிய வீடியோவில் அதிராம்பட்டினத்து மாப்பிள்ளை தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இளம்பரிதி மூச்சு விட்டான். “உன் கம்ப்யூட்டர் போயிடுச்சா?”

“போயிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள வேற செஞ்சிடுவேன்.”

நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். “செய். எப்படின்னு நானும் பார்க்கறேன்.”