கைசர் யாரோடு சாப்பிடும்?

1. நாலாம் நாள்

கைசர் எங்கள் ஹாஸ்டலுக்கு வந்து நாலாம் நாள் காலையிலும் தட்டு வைத்தபடியே இருந்தது. கோழிச்சாறு விட்டுப் பிசைந்த சோறு காய்ந்து போயிருந்தது. நாய் அதன் பக்கத்திலேயே முன்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தது. நாலு நாளாகத் தண்ணீர் மட்டும்தான்.

நாய் ஹாஸ்டல் என்றால் சிரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரு கால்நடை கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷம் உதவியாளராக நாய்களைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அங்கே வருகிற பாதிப் பேரின் பிள்ளைகள் வளைகுடாவில். "ஒரு மாசம் மோனுக்க கூட இருந்துட்டு வரணும், இத எங்க விட?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான், நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற வழியில் இருந்த எங்கள் தென்னந்தோப்பைச் சுற்றிக் கம்பிவலை அடித்து இதைத் தொடங்கினேன். பன்னிரண்டு கூண்டு. நாய்கள் கட்டில்லாமல் ஓட முக்கால் ஏக்கர். வாசலுக்கு இரண்டு கேட். வெளிக்கேட்டைப் பூட்டாமல் உள்கேட்டைத் திறக்கிறவர் யாராக இருந்தாலும் என்னிடம் ஏச்சு வாங்காமல் போக முடியாது. கூண்டு எதையும் தென்னைக்கு நேர் கீழே வைக்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பெண்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு நாயை நாலு நாள் பட்டினி போட்ட கதை இது. போட்டது நான்தான்.

கைசர் தங்கையா சாரின் நாய். லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தது, ஒன்பது வயது. சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மனைவி இறந்தபின் அவரும் நாயும்தான் வீட்டில். பக்கவாதம் வந்து விழுந்தவரைத் திருவனந்தபுரத்துக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாயை ஆட்டோவில் ஏற்றி வந்து என்னிடம் விட்டார். எங்கள் படிவத்தில் பதிமூன்று கேள்விகள். தடுப்பூசி போட்டாயிற்றா என்பதிலிருந்து இடி இடித்தால் பயப்படுமா என்பது வரை. 'என்ன சாப்பிடும்?' என்ற இடத்தில் அவர் 'எல்லாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சாரின் மகன் எட்வின் மஸ்கட்டிலிருந்து ஓடி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தான். அன்று காலையும் போன் செய்தான்.

"அப்பாவுக்கு இன்னும் பேச்சு வரேல்ல யக்கா. இடது கையத் தரையிலேருந்து இம்புட்டு உயரத்துக்குக் காட்டுதாரு. கைசரத்தான் கேக்காரு. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றேன். இத்தனை வருஷத் தொழிலில் நான் சொன்ன மோசமான பொய் அதுதான்.

என் பழைய கிளினிக் டாக்டரம்மா அதற்கு முந்தின நாளே ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார். "ஈரல், கிட்னி எல்லாம் சரியா இருக்கு. நாளைக்கும் தின்னலேன்னா மூக்கு வழியா டியூப் போடணும். இந்த வயசுல அதத் தாங்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல," என்று சொல்லி ட்ரிப் ஏற்றிவிட்டுப் போனார்.

எங்கள் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. புது நாய்க்குத் தட்டை வை, விலகிப் போ. ஆள் பக்கத்தில் நின்றால் பயந்த நாய் தின்னாது. நான் நாலு நாளும் வைத்தேன், விலகினேன். பாடத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

2. குளத்துக்கரை

இங்கே இருந்தால் வழி பிறக்காது என்று தோன்றியது. கைசரை வண்டியில் ஏற்றிக்கொண்டு சார் தினமும் அதை நடத்திக் கூட்டிப்போகும் குளத்துக்கரைக்குப் போனேன்.

நாய் வளர்க்கிறவர்களுக்கென்று எங்கள் ஊரில் யாரும் பூங்கா கட்டித் தரவில்லை. குளத்துக்கரைதான் பூங்கா. பெரிய நாய்கள் தண்ணீர்ப் பக்கம், குட்டி நாய்கள் ரோட்டுப் பக்கம். போர்டு கிடையாது, ஆனாலும் தப்பாது. அங்கே எல்லாருக்கும் எல்லா நாயின் பெயரும் தெரியும். ஆட்களின் பெயர் தெரியாது. தங்கையா சாரே அங்கே 'கைசருக்க சாரு'தான்.

கைசரைக் கண்டதும் கூடிவிட்டார்கள். "ஆட்டு ஈரல் குடுத்துப் பாருங்க." "மோரு ஊத்திக் குடுங்க." "எங்க டாமி இப்பிடித்தான், பிஸ்கட்டு குடுத்ததும் எழும்பிட்டுது." ஆளுக்கொரு வைத்தியம். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், இது தின்று நீங்கள் யாராவது பார்த்ததுண்டா? யாரும் பார்த்ததில்லை. ஆறேழு வருஷம் கூட நடந்தவர்கள்.

திரும்பும்போது கைசர் தன் வீட்டுத் தெருவைப் பார்த்து இழுத்தது. நாலு நாள் சாப்பிடாத நாய் அந்த இழுப்பு இழுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சரி, நட என்று பின்னால் போனேன்.

3. பிலோமினா

பூட்டிய கேட்டுக்கு முன்னால் மீன்சட்டியை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள் பிலோமினா. கடப்புறத்துக்காரி. அந்தத் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவள், எனக்கும் பழக்கம்.

"சாரு எப்பிடி இருக்காரு யக்கா?"

"பேச்சு வரேல்ல. இது நாலு நாளா ஒண்ணும் திங்கல பிலோமினா."

"ஜெபம் பண்ணுனியளா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சாருக்கு நீங்க எல்லாரும் பண்ணுங்க, வேண்டாம்னு சொல்லல. நான் சொல்லுகது இந்தப் பட்டியப் பத்தி," என்று நாயைக் காட்டினேன்.

"நானும் பட்டியத்தான் கேக்கேன். ஜெபம் பண்ணாம கைசரு திங்காது."

வெயிலில் மூளை கலங்கிவிட்டதோ என்று பார்த்தேன். அவள் நிதானமாகத்தான் இருந்தாள்.

"நான் சாளைய வெட்டிக் குடுத்துட்டு வாசப்படியில நின்னு பாத்திருக்கேன். சாரு மேசையில ஒரு தட்டு வப்பாரு, கீழ ஒரு தட்டு வப்பாரு. கண்ண மூடி ஜெபம் பண்ணுவாரு. ஆமென் சொன்ன பெறவுதான் ரெண்டு பேரும் தொடுவாவ. ஒரு நாளு பாதி ஜெபத்துல போனு வந்து சாரு எழும்பிப் போயிட்டாரு. மீனு முன்னால கெடக்கு, வாயில எச்சி ஒழுகுது. தொடேல்லையே."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குளத்துக்கரையில் விட்ட வண்டியை எடுத்து வந்து, கைசரோடு அவளையும் சட்டியையும் ஏற்றிக்கொண்டேன்.

4. மூன்று முயற்சி

புதிதாகச் சோறு பிசைந்து வைத்து, கூண்டு முன்னால் நின்று, "ஆமென்," என்றேன். கைசரின் காது நிமிர்ந்தது. எழுந்து என்னைப் பார்த்தது. பிறகு உட்கார்ந்துவிட்டது.

"பள்ளிக்கூடத்துல பேரு விளிச்ச மாதிரி சொன்னா வருமா? நகருங்க," என்று பிலோமினா முந்தானையைத் தலையில் போட்டு, சிலுவை அடையாளம் போட்டு, மளமளவென்று ஒரு ஜெபம் சொன்னாள். கைசர் அவள் கை போன இடமெல்லாம் பார்த்தது. தட்டைப் பார்க்கவில்லை.

"ஏட்டி, இது சி.எஸ்.ஐ. பட்டி. அந்தச் சபையில சிலுவ போடமாட்டாவ, இதுக்கு எப்பிடித் தெரியும்?"

"விளக்கு கொளுத்துகிய ஒங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

அதுவும் நியாயம்தான். எட்வினைப் போனில் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். பிலோமினா சொன்ன ஜெபத்தைப் பற்றிக் கேட்டேன்.

"சின்னக் குட்டியா இருக்கும்போ நாங்க வெளையாட்டுக்குப் படிப்பிச்சது யக்கா. வீட்டுல எல்லாரும் செய்யியதுதானே, அத ஒரு விசயமாச் சொல்லணும்னு தோணவே இல்ல." ஜெபத்தைச் சொல்லித் தந்தான். பிறகு, "இன்னொண்ணு. சொல்லியவங்களுக்கும் ஒரு தட்டு வேணும். அது தனியாத் திங்காது," என்றான்.

என் தூக்குவாளியில் சோறும் புளிக்கறியும் இருந்தது. கூண்டைத் திறந்து உள்ளே போய், சிமெண்டுத் தரையில் கைசருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். முத்தாரம்மனைத் தவிர யாரையும் கும்பிட்டுப் பழக்கமில்லாத வாய்.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இல்லாதவங்களுக்கும் இன்னைக்குக் குடும். ஆமென்."

ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தேன். கைசரின் தலை தட்டுக்குள் இருந்தது.

வாளியைக் கீழே வைத்தேன். அழுகை வந்துவிட்டது. வெளியே நின்ற பிலோமினா, "தின்னுங்க யக்கா. நீங்க நிறுத்துனா அதும் நிறுத்திரும்," என்றாள். அழுதுகொண்டே முழுவதையும் தின்றேன்.

சார் வீடு திரும்பும்வரை இரண்டு நேரமும் அந்தக் கூண்டுக்குள்தான் எனக்குச் சாப்பாடு. எங்கள் படிவத்தில் இப்போது பதினாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: 'உங்கள் நாய் யாரோடு, எப்படிச் சாப்பிடும்?' அதில் கோடு போட்டுவிட்டுப் போகிறவர்களைக் கேட்டுக்கு வெளியே போனாலும் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். 'அதெல்லாம் ஒண்ணும் இல்ல, சாதாரணமாத்தான் திங்கும்' என்பார்கள். அந்தச் சாதாரணத்தைத்தான் சொல்லுங்கள் என்பேன். இந்தத் தொழிலில் நான் கற்றது இதுதான். வீட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தோன்றாததை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

5. சார் வீட்டில்

சாரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மதியம் கைசரை நானே கூட்டிப்போனேன். சார் சக்கர நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. கைசர் அந்தக் கையின் கீழே தலையை நுழைத்து வைத்துக்கொண்டு அசையவில்லை.

எட்வின் மேசையில் ஒரு தட்டும் கீழே ஒரு தட்டும் வைத்தான். சார் கண்ணை மூடினார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. பிறகு உதடும் நின்றது. கைசர் காத்திருந்தது. வர வேண்டிய சொல் வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆமென்," என்று நானே சொன்னேன்.

கைசர் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு சாரைப் பார்த்தது. தட்டைத் தொடவில்லை. சார் கண்ணைத் திறக்காமலே இடது கையை என் பக்கம் தூக்கினார். வகுப்பில் கேட்காமல் பதில் சொன்ன பிள்ளையை அடக்குகிற கை அது.

"நான் சொல்லட்டா அப்பா?" என்றான் எட்வின். கை இறங்கவில்லை.

சார் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வேர்த்தது. மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. எத்தனை முறை முயன்றார் என்று நான் எண்ணவில்லை. கைசர் அவர் வாயிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

கடைசியில், "ஆ... மே," என்று ஒரு சத்தம் வந்தது. மிச்சம் வரவில்லை. கைசர் மிச்சத்துக்காகக் காத்திருக்கவில்லை, தட்டுக்குள் தலையை விட்டது.

அது தின்னும் சத்தம் கேட்ட பிறகுதான் சார் கண்ணைத் திறந்தார். இடது கையால் ஸ்பூனை எடுத்தார்.