ஏரிக்கரையில் எள்ளும் தண்ணீரும்

என் அண்ணா பஞ்சாபகேசனுக்குப் பொறாமை வந்தால் மூக்குதான் முதலில் சிவக்கும். வலியசாலைத் தெருவில் அது தெரியாதவர் கிடையாது. சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. வெற்றிலைகூடப் போடமாட்டார், யாரிடமும் கைநீட்டமாட்டார். ஆனால் தான் தொடங்கிய காரியத்தில் இன்னொருவன் பேர் வாங்கிவிட்டால் வயிறு எரியும், ராத்திரி சாப்பாடு இறங்காது.

அவர் தொடங்கியது ஒரு நடை. மனிதன், குரங்கு, ஓணான், தவளை, மீன் எல்லாம் ஒரே வம்சம் என்று இங்கிலீஷ் புத்தகங்களில் படித்துவிட்டு, இதை ஊரே கொண்டாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வருஷந்தோறும் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருக்காரர்களும் சாலைக் கடைக்காரர்களும் என்னைப் போல வீட்டில் அடங்காத பெண்கள் சிலருமாகக் கிளம்பி, கரமனை ஆற்றைத் தாண்டி, வயல் வரப்பில் நடந்து வெள்ளாயணி ஏரிக்குப் போவோம். வழியில் ஓணானோ தவளையோ கண்ணில் பட்டால் எல்லோரும் நிற்க வேண்டும். அது நமக்கு எப்படிச் சொந்தம் என்று அண்ணா விளக்குவார். ஏரிக்கரை சேர்ந்ததும், நடையை நடத்துகிறவர் தண்ணீரில் இறங்கி, உயிர்களுக்கெல்லாம் மூத்தவர்களை நினைத்து எள்ளும் தண்ணீரும் இறைப்பார். செத்துப்போன அப்பாவுக்கு அமாவாசைதோறும் செய்வார்களே, அதே தர்ப்பணம்தான். தெருவில் வைதிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"மூணு தலைமுறையோட பந்தம் அறுந்து போயிடறதா என்ன? மேலே மேலே போனா மீனும் நம்ம பித்ருவாக்கும்" என்பார் அண்ணா.

நல்ல பேச்சுதான். ஆனால் வரப்பில் நின்று அவர் விளக்க ஆரம்பித்தால் சர்க்கார் உத்தரவு வாசிப்பது போலிருக்கும். பாதிப் பேர் கட்டுச்சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாம் வருஷம் ஸ்ரீகண்டன் வந்து சேர்ந்தான். தபால் ஆபீஸில் வேலை, அண்ணாவைவிடப் பத்து வயது இளையவன். ஒரு தவளையைப் பார்த்ததும், "இவர் யாருன்னு நெனச்சேள்? நம்ம பெரியப்பா வழியாக்கும். மழை பேஞ்சா வாய் மூடமாட்டார், நம்ம கோமதிநாயகம் பிள்ளை மாதிரி" என்றான். அரிசிக்கடைக் கோமதிநாயகம் பிள்ளையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணாவின் மூக்கு சிவந்தது.

ஸ்ரீகண்டனின் அப்பா நாகேஸ்வர ஐயரும் கூடவே வந்தார். தள்ளாத வயது. மகன் எங்கே நின்று பேசினாலும் அவன் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். தான் வெயிலில் நிற்பது அவருக்குத் தெரியாது. "என் பிள்ளையாக்கும்" என்று தெரிந்தவரிடமும் சொல்வார், வழியில் போகிறவரிடமும் சொல்வார்.

அடுத்த வருஷம் எல்லோரும் கூடி, இந்தத் தடவை ஸ்ரீகண்டனே நடத்தட்டும், அவனே ஏரியில் இறங்கட்டும் என்றார்கள். அண்ணா எழுந்தார்.

"அப்பா இருக்கறவன் எள்ளைத் தொடப்படாது. ஸ்ரீகண்டனுக்கு அதிகாரம் கிடையாது."

புதுமை பேசுகிற கூட்டமானாலும் அந்த விஷயத்தில் எல்லோருக்கும் பயம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மீனைப் பித்ருங்கறேள், தவளையைப் பெரியப்பாங்கறேள். ஸ்ரீகண்டன்கிட்ட மட்டும் சாஸ்திரமா?"

"நீ சும்மா இரு, சூடாமணி."

ஸ்ரீகண்டன் சிரித்தான். "நீங்களே நடத்துங்கோண்ணா. எனக்கு அப்பா இருக்காரே, அது போரும்."

அந்த வருஷம் இடுப்பளவு தண்ணீரில் அண்ணா தனியாக நின்று எள் இறைத்தார். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் கரையில் ஸ்ரீகண்டனைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாகேஸ்வர ஐயர் குடை பிடித்திருந்தார். அண்ணா கரையேறும்போது அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்ததில் படியில் தடுக்கி விழப் போனார்.

மறு மார்கழியில் நாகேஸ்வர ஐயர் காலமானார். அண்ணாவும் நானும் துக்கம் விசாரிக்கப் போனோம். ஸ்ரீகண்டன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான், முகமெல்லாம் வீங்கி. அண்ணா எதிரே உட்கார்ந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒரு வருஷம் முடிஞ்சு வருஷாப்திகம் ஆகறவரைக்கும் உனக்குத் தர்ப்பணம் கிடையாது. அதனாலே தை நடைக்கு இந்தத் தடவையும் நானேதான்..."

பிணம் எடுத்த வீட்டில் பேசுகிற பேச்சா இது?

ஸ்ரீகண்டன் கோபிக்கவில்லை. "நீங்களே எள்ளும் தண்ணியும் விடுங்கோ. அந்த அதிகாரம் எனக்கு வரவே வேண்டாம்னு இருந்தேன்" என்றான். அப்புறம் நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்கு எந்த வயசுல வந்தது, அண்ணா?"

"ஏழு."

அண்ணா சட்டென்று எழுந்து வாசலுக்கு நடந்தார்.

திரும்பும்போது அவரைத் திட்டுவதற்கு மனதுக்குள் வார்த்தை சேர்த்துக்கொண்டே நடந்தேன். கோயில் முக்கில் அவராக நின்றார்.

"அவன் பேச்சைப் பாத்துப் பொறாமைன்னுதானே நீங்க எல்லாரும் நெனச்சுண்டிருக்கேள்?"

"பின்னே இல்லியோ?"

"பேச்சு கிடக்கட்டும், போ. அந்தக் குடையைப் பாத்தாதான்டி எனக்கு வயிறு எரிஞ்சுது."

அப்பா போனபோது நான் கைக்குழந்தை. சேர்த்து வைத்திருந்த திட்டையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு அவர் கூடவே நடந்தேன்.