சாரலில் காயாத கரடி

சாகசக் கதைகளுக்குப் படம் போடுவது என் தொழில். தாளில் புலியை அடக்குவேன். வீட்டில் பல்லி விழுந்தால் நாற்காலிமேல் ஏறிவிடுவேன்.

ஒரு சிறுவர் நாவலின் அட்டைக்குக் கரடி வரைந்து, தென்காசியிலிருந்து சென்னைக்கு அனுப்பினேன். எடிட்டர் அம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

"சார், கரடி பாயுற மாதிரியே இல்ல. லோன் குடுக்குற பேங்க் மேனேஜர் மாதிரி சிரிக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற வரலன்னா ஏஐ-ல போட்டு எடுத்துக்குவேன்."

ஏஐ காட்டுக்குப் போயிருக்கிறதா? ரோஷம் வந்துவிட்டது. வனத்துறை அனுமதியோடு, வாட்சர் மாடசாமியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, குற்றாலத்து அருவிக்கு மேலே ஏறினேன். கரடி முகம் காட்டவில்லை. உள்ளுக்குள் அதற்கு நன்றி சொன்னேன். மரப்பட்டையில் நகம் கீறிய தடத்தைத் தடவிப் பார்த்தேன். கரடி எப்படி உறுமும் என்று மாடசாமி நடித்தே காட்டினார். கரடித் தலையை அசல் அளவில், பெரிய தாளில் தீட்டினேன். காலையிலிருந்து அதையே முறைத்ததில், இதுவும் மேனேஜரா, கரடியா என்றே தெரியவில்லை.

சீசன் நேரத்தில் வாட்டர் கலர் லேசில் காயாது. பலகையோடு பாறைமேல் வைத்துவிட்டு, பிரஷ் கழுவ ஓடைக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியில் சாரல் படிந்ததால் கழற்றிப் பையில் போட்டேன்.

திரும்பி வந்தால், பாதையோரப் பாறை இடுக்கிலிருந்து ஒரு கரடி என்னையே பார்க்கிறது.

என் கதாநாயகர்கள் இந்த இடத்தில் கத்தியை உருவுவார்கள். நான் பிரஷை உருவினேன். பிறகு அதையும் எறிந்துவிட்டு, மரியாதையெல்லாம் மறந்து, "ஏலே மாடசாமி, கரடிலே! ஓடுலே!" என்று அலறி ஓடையில் விழுந்தேன். செருப்பு ஒன்று எனக்கு முன்பாகவே அருவிக்குப் புறப்பட்டது.

மாடசாமி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அண்ணாச்சி, எங்கன ஓடுதிய? அது ஒங்க படம்லா! தூத்தல் விழுதேன்னு நாந்தான் இடுக்குல சாத்தி வச்சேன்."

"சொல்லக் கூடாதாவே?"

"வரஞ்சவருக்கே அடையாளம் தெரியாதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

ஒரு கோடுகூடத் திருத்தாமல் கூரியரில் அனுப்பினேன். வியாழக்கிழமை போன் வந்தது.

"சார், பிரிச்சதும் பயந்து கீழ போட்டுட்டேன். இதுதான் அட்டை. கரடிய நேர்லயே பார்த்தீங்களா?"

"ரொம்பக் கிட்டத்துல பார்த்தேம்மா."

படம் போட வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வரைந்த படத்தை முன்னால் வைத்து முறைக்காதீர்கள்; எதிர்பாராத இடத்தில் அதைச் சந்தியுங்கள். இப்போதெல்லாம் முடித்த படத்தை மனைவியிடம் கொடுத்து, வீட்டில் எங்காவது ஒளித்து வைக்கச் சொல்கிறேன். நேற்று ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு சிறுத்தை இருந்தது. எனக்கு அலறல் வரவில்லை. மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன்.