நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பொய் புதிதல்ல. சப்பை மூக்கில் அகலமான பிரேமை மாட்டிக்கொண்டு "எப்படி இருக்கு?" என்று கேட்பவரிடம், "உங்களுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு" என்று கூசாமல் சொல்வார். அதனால் யார் குடியும் கெட்டதில்லை. ஓர் எழுத்தாளரிடம் சொன்ன பொய்தான் அவரை ஆட்டி வைத்துவிட்டது.

பத்தொன்பது வயதில் லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் வேலை பார்த்தபோது அந்த எழுத்தாளரின் முதல் நாவல் அவர் கைக்கு வந்தது. மறுநாள் வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு, எழுந்த இடத்திலேயே உட்கார்ந்து படித்து முடித்தார். அடுத்த இரண்டு நாவல்களையும் அட்டை கிழியும்வரை படித்தார். கல்யாணமான புதிதில் மனைவியிடம் அந்தக் கதைகளையே சொல்லிக்கொண்டிருந்தார். "பேசாம அந்த ஆளு வீட்டுக்கே மாப்பிள்ளையா போயிருக்கலாம் நீங்க" என்றாள் அவள்.

சொந்தமாகக் கடை போட்ட பிறகு, ஒரு மழைநாளில் அந்த ஆளே வந்து நின்றார், கம்பி உடைந்த கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு. கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று முதல் எழுத்தாளரின் கண்ணுக்கு அவர்தான் பொறுப்பு. அப்போது எழுத்தாளர் புதிதாக எதையும் எழுதி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

பிறகு நான்காவது நாவல் வந்தது. கடைக்காரர் முதல் ஆளாக வாங்கினார். நாற்பது பக்கம் போனதும் கொட்டாவி வந்தது. தன் தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுநாள் காலையில் முதலிலிருந்து ஆரம்பித்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மூடி வைத்தார். சோறு போட்ட கையைக் கடித்தவர் போல் மனசு குறுகுறுத்தது. புத்தகத்தை அலமாரியில் முதுகு உள்பக்கமாக வைத்தார், அது தன்னைப் பார்க்காதபடி.

அடுத்த மாதம் எழுத்தாளர் கண் பரிசோதனைக்கு வந்தார். பின்னறை நாற்காலியில் சோதனைச் சட்டத்தை மாட்டி, இடது கண்ணை மறைத்து, கடைக்காரர் ஒவ்வொரு லென்ஸாக மாற்றிக்கொண்டிருந்தார்.

"இது தெளிவா இருக்கா சார், முன்னாடி போட்டதா?"

"இதுதான். அது சரி, புதுசு படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

"எப்படி?"

"பிரமாதம் சார். அதுலயும் அந்த முடிவு இருக்கே."

முடிவு என்னவென்று அவருக்குத் தெரியாது. வாயில் அதுதான் வந்தது.

எழுத்தாளர் மறைப்பை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார். "எல்லாரும் முடிவுதான் சரியில்லைன்னு சொன்னாங்க. இதோட எழுத்தை நிறுத்திடலாம்னு கூட இருந்தேன். நீங்க சும்மா முகத்துக்காகச் சொல்ற ஆள் இல்லை."

கடைக்காரர் அடுத்த லென்ஸைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

இரண்டு வருடம் கழித்து எழுத்தாளர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். முன்னூறு பக்கம். "அந்த முடிவுலேர்ந்து ஆரம்பிச்சேன். நீங்க குடுத்த தைரியம்தான். முதல்ல நீங்க படிங்க."

படித்தார். ஒவ்வொரு பக்கமும் சரளைக்கல்லில் செருப்பில்லாமல் நடப்பதுபோல இருந்தது. நடுவில் ஓர் அத்தியாயம், ஓர் அப்பாவும் மகளும் வாடகை வீடு தேடி அலைவது, அதில் மட்டும் பழைய மனிதர் தெரிந்தார். மற்றதற்கெல்லாம் தானே காரணம் என்று தோன்றியது.

ஒன்றரை மாதம் நாள் கடத்தினார். ஒருநாள் எழுத்தாளர் தெருவைக் கடந்து வருவதைப் பார்த்ததும் பின்னறைக்குள் ஓடி, பிரேம் பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கினார். மனைவிதான் சமாளித்தாள். எழுத்தாளர் போனதும் உள்ளே வந்தாள்.

"வெளியூர் போயிருக்காருன்னு சொன்னேன். அவரு, 'பரவாயில்லம்மா, நிதானமா படிக்கட்டும்'னு சொல்லிட்டுப் போறாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்க பொய்க்கு என்னைக் கூட்டு சேக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்காரர் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு எழுத்தாளர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த எழுத்தாளரின் மனைவி தண்ணீர் கொடுத்தார். கடைக்காரர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தாளரிடம் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்.

"அந்தப் புத்தகத்தை நான் முடிக்கவே இல்ல சார். முடிவைப் பத்திச் சொன்னது பொய். இதுலயும் அந்த வீடு தேடுற அத்தியாயம் தவிர எதுவும் மனசுல ஒட்டல. என்னை மன்னிச்சிடுங்க."

எழுத்தாளர் காகிதக் கட்டை வாங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு கேட்டார். "எந்தப் பக்கத்துல நிறுத்தினீங்க?"

"நூத்திப் பன்னெண்டு."

எழுத்தாளர் எழுந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "இங்கதான் நானும் நின்னுபோயிட்டேன். ஏழு மாசம் எழுத வரல. அப்புறம் பல்லைக் கடிச்சிக்கிட்டு முடிச்சேன். சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க."

கடைக்காரருக்கு மூச்சு வந்தது. அதற்குள் எழுத்தாளர் காகிதக் கட்டின் மேல் கையை வைத்தார்.

"உண்மையை அன்னிக்கே சொல்லியிருந்தா, இதை எழுதியிருக்க மாட்டேனே. எனக்கு எழுபத்தி மூணு வயசு. ரெண்டு வருஷம் போச்சு."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் கடைக்காரர் தாங்கியிருப்பார். வாசலில் செருப்பு மாட்டும்போது வலது காலில் இடதை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார்.

அதன்பின் எழுத்தாளர் கடைப்பக்கம் வரவில்லை. புத்தகமும் வெளிவரவில்லை. பிரேம் மாட்டிப் பார்ப்பவர்களிடம் கடைக்காரர் இப்போது "கொஞ்சம் அகலமா இருக்கு" என்று சொல்லிவிடுகிறார். இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து எழுத்தாளரின் மனைவி வந்தார். கீறல் விழுந்த கண்ணாடியை மேஜைமேல் வைத்தார்.

"இவருக்குப் புதுசு போடணும்."

"சார் வந்தாத்தானேம்மா பவர் பாக்க முடியும். நானே வேணா வீட்டுக்கு வந்து பாக்கறேன்."

"வேணாம். பழைய பவர்லயே போட்டுக் குடுங்க. ஆனா உங்ககிட்டதான் போடணும்னாரு."

"என்னைப் பத்தி ஏதாவது சொல்வாராம்மா?"

"ஒண்ணும் சொல்றதில்ல. அந்த வீடு தேடுற கதையை மட்டும் தனியா எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

கடைக்காரர் எழுத்தாளரின் பவர் எழுதிய மூன்று வருடத்துக்கு முந்தைய அட்டையைத் தேடி எடுத்தார். அந்த பவர் இப்போது போதாது என்று அவருக்குத் தெரியும். அதைச் சொன்னார். அந்த அம்மாள், பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினார். இவரும் பழைய பவரையே எழுதிக்கொண்டார்.